நம்ம வீடு

“இந்த வீட்டை விட்டுடலாம்,” என்றார் ஹேசல்.

தெருவில் பாதியைக் கடந்திருந்தோம். மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. வியாழக்கிழமை நகரமன்றத் தேர்தல். ஹேசல் எங்கள் கட்சி வேட்பாளர். நான் கட்சியின் லீட்ஸ் நகர அலுவலகத்திலிருந்து அன்று மாலைதான் அவருக்குத் துணையாக வந்து இறங்கியிருந்தேன்.

அதுவரை தட்டிய கதவுகளில் ஒருவர்கூட நகரமன்றத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் எங்கள் கட்சிப் பிரதமரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அந்தாளு டிவியில வந்தா நான் எழுந்து போய் டீ போடுவேன். இப்பல்லாம் ரொம்ப டீ குடிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கதவைச் சாத்தினாள்.

இன்னொருவர் துண்டறிக்கையை மரியாதையாக வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பைத் தொட்டியில் போட்டார்.

இந்த ஊரும் கைவிட்டுப் போனால் பிரதமர் கோடையைத் தாண்டிப் பதவியில் இருக்க மாட்டார் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எங்கள் அலுவலகத்திலேயே யாரும் அதை மறுக்கவில்லை.

என் கைப்பேசியில் தெருவின் வரைபடம் இருந்தது. எங்கள் பக்கம் நிற்கும் வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி. அந்தத் தெருவில் ஹேசல் விட்டுவிடச் சொன்ன வீட்டின் மேல் மட்டும்தான் பச்சை பளிச்சென்று இருந்தது.

“முப்பது வருஷமா நம்ம வீடுங்க இது,” என்றேன். “இதையும் விட்டா வேற எங்க போறது?”

ஹேசல் சன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

“சரி. நீங்க மட்டும் போங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

வேலிச்செடிக்குப் பின்னால் ஒதுங்கி, மழைக்கோட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பழைய சண்டை ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். ஊருக்குள் அரசியல் செய்கிறவர்களுக்கு இப்படி நாலைந்து வீடுகள் இருக்கும்.

கதவைத் திறந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அகன்ற தோள். கையில் பாத்திரம் துடைக்கிற துணி. என் சட்டையில் குத்தியிருந்த கட்சி நாடாவைப் பார்த்ததும் முகம் இறுகியது.

வியாழக்கிழமையை நினைவூட்டினேன்.

“தபால் ஓட்டு. போன வாரமே போட்டாச்சு.”

“நம்ம பக்கம்தானே?”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை.

பிறகு பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிரதமர் வெறும் கட்சித் தலைவராக இருந்தபோது, இவர் வேலை பார்த்த உருக்காலைக்கு வந்திருக்கிறார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இருக்கும்வரை இந்த உலை அணையாது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை இவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவரே பிரதமரான பிறகு, போன குளிர்காலத்தில் உலையை மூடச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. உலைக்குப் பொறுப்பானவர் இவர். தன் கையாலேயே அணைக்க வேண்டியதாயிற்று.

“படத்தைக் கழட்டிட்டேன்,” என்றார். “ஆணி மட்டும் வர மாட்டேங்குது.”

“உங்க கோபம் நியாயம்தான். ஆனா இங்க நிக்கிறது அவர் இல்லையே. ஹேசல்தானே? இந்த ஊர் பஸ்ஸையே நிறுத்தப் பார்த்தப்ப சண்டை போட்டு மீட்டவங்க அவங்கதான்.”

துண்டறிக்கையை நீட்டினேன். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஹேசலின் முகத்தில் ஒரு மழைத்துளி விழுந்தது. அவர் வாங்கி, சட்டைக் கையால் அதை ஒற்றி எடுத்தார்.

“ஹேசலைப் பத்தி நீங்க எனக்குச் சொல்ல வேணாம், தம்பி. இந்த ஊர்ல ஹேசல் மாதிரி ஒரு ஆள் கிடையாது. ஆனா ஹேசல் ஜெயிச்சா, வெள்ளிக்கிழமை காலைல அவன் டிவியில வந்து நிப்பான். ஜனங்க இன்னும் என் பக்கம்தான்னு பல்லைக் காட்டுவான். பேனாவை அவ பேர்கிட்ட கொண்டுபோனேன். கை வரல. கீழ இருந்தவனுக்குப் போட்டுட்டேன். அவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது.”

என் முதுகுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், சரளைக்கல் நெறிபடும் சத்தம் கேட்டது. அவர் காதில் அது விழவில்லை. துண்டறிக்கையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

ஹேசலிடம் வந்து நின்றேன்.

“கேட்டுச்சு,” என்றார். “புள்ளியை எடுத்துடுங்க.”

எடுத்தேன். வரைபடத்தில் அந்தத் தெரு முழுவதும் வெறுமையாக இருந்தது.

மீதி வீடுகளில் ஹேசலே முன்னால் நின்று கதவைத் தட்டினார். திட்டியவர்களுக்கும் நன்றி சொன்னார். ஒரு வீட்டில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், உங்களுக்குப் போட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே.

முடிந்ததும் பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்டேன். தானும் அந்தப் பக்கம்தான் என்று கூடவே நடந்தார். அதே வாசல் வந்ததும் நின்றார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததை இப்போது அந்த மனிதரிடம் கொட்டப் போகிறார் என்று அவசரமாகக் குறுக்கே போய் நின்றேன்.

“வேணாம் ஹேசல். விடுங்க,” என்றேன்.

அவர் கைப்பைக்குள் துழாவிச் சாவியை எடுத்தார்.

“ஓட்டைப் பத்தி நான் கேட்டா ஒரு வாரமா பேச்சை மாத்துறார். நீங்க போய்த்தான் தீருவேன்னு நின்னப்ப, சரி, உங்ககிட்டயாவது சொல்றாரான்னு பார்ப்போம்னு தோணுச்சு.”

முகத்து ஈரத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

“வந்துட்டியா? கோட்டைக் குடு, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்க. எப்படிப் போச்சு?” என்றது உள்ளிருந்து அதே குரல்.

“பரவாயில்ல,” என்றார் ஹேசல். “எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க.”