சனிக்கிழமை சேவை

லிஃப்டுக்குள் யுகேந்திரனைப் பார்த்ததும் முனுசாமிக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன தம்பி, ஊர்லதான் இருக்கியா? மாசக்கணக்கா ஆளையே காணோம்!"

"இருக்கேண்ணே. மாக் மண்டின் ஃபேக்டரில ஷிஃப்ட் மாத்திட்டாங்க. வேலை கொஞ்சம் கூடுதல்." யுகேந்திரன் சங்கடமாகச் சிரித்தான்.

"உனக்கு மட்டும்தான் வேலையா? நானும்தான் தெனம் பாலம் தாண்டி பிறையில வேலைக்கு மோட்டோல போயிட்டு வர்றேன். சனிக்கிழமை ஒரு நாள் லீவு. அதையும் சேவைக்குக் குடுக்கலையா?"

கொடுக்கிறார்தான், பொய்யில்லை. தனியாக இருக்கும் வயசானவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வீடு தேடிப் போய்ச் சாப்பாடு கொடுக்கும் குழுவுக்கு முனுசாமிதான் தலைவர். ஜோர்ஜ் டவுனில் பாதிப் பேருக்கு அவரை நேரில் தெரியும். மீதிப் பேருக்கு ஃபேஸ்புக்கில் தெரியும்.

அந்தக் குழுவில் அவருக்கு வலது கையாக இருந்தவன் யுகேந்திரன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பந்தலை அவன் பொறுப்பில் விடுவதாகக்கூடப் பேச்சு இருந்தது. அப்புறம் என்ன வந்ததோ, சனிக்கிழமையானால் பையன் மாயமாகிவிடுகிறான்.

ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றது. அந்தப் பழைய ஃப்ளாட்டில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஆறை விட்டால் பதினொன்றுதான். எட்டாவது மாடிக்காரர்கள் மிச்சத்தை ஏறித்தான் தீர வேண்டும். இருவரும் ஏறினார்கள்.

"வர்ற சனிக்கிழமை வர்றியா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

"சனிக்கிழமை காலையில வேற வேலை இருக்குண்ணே. ஞாயித்துக்கெழமைன்னா..."

"என்ன பெரிய வேலை? ஓவர்டைம்தானே?"

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். முனுசாமிக்கு அது போதும்.

வீட்டுக்குள் நுழைந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஃபோனை எடுத்தார். யுகேந்திரனைக் குழுவிலிருந்து தூக்கினார். அதோடு விட்டாரா? 'காசுதான் பெரிசு என்பவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று ஃபேஸ்புக்கில் எழுதியும் போட்டார். கட்டை விரல்கள் வந்து குவிந்தன.

"வச்சேன் பார் ஆப்பு!" என்றார் மனைவியிடம்.

மீனாட்சி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாராவாரம் ஃபிசியோ. மற்றபடி வீடே கதி.

"யாருக்குங்க?"

"கடைசி வீட்டு யுகேந்திரனுக்குத்தான். காசுன்னா வாயைப் பொளக்கிறான். குழுவுல இருந்தே தூக்கிட்டேன்."

மீனாட்சி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஃபோன் அடித்தது. குழுவுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஹனீபா பாய். முனுசாமி பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பாதி வழி போன பிறகுதான் குழுவின் டீ சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. சாப்பாடு கொடுக்கச் சட்டை எதற்கு? ஆனால் படம் எடுக்க வேண்டுமே! மோட்டோவைத் திருப்பினார்.

ஆறாவது மாடியில் இறங்கிப் படியில் கால் வைத்தபோது மேலே யாரோ பேசுவது கேட்டது.

"பெலான்-பெலான் லா, இர்வான்! வளைவு வருது, மெதுவா!"

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் யுகேந்திரன், இன்னொரு பக்கம் ஏழாவது மாடி இர்வான். நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மீனாட்சி.

முனுசாமியைக் கண்டதும் நாற்காலியை அப்படியே படிவளைவில் இறக்கினார்கள்.

"எங்க... எங்க போறீங்க?"

"ஃபிசியோவுக்குண்ணே." யுகேந்திரனுக்கு மூச்சு வாங்கியது. "சனிக்கிழமைதானே அக்காவுக்கு அப்பாயின்ட்மென்ட்? போயிட்டு வந்து மறுபடி மேல ஏத்தி விடணும். அதான் காலையில வர முடியல."

மீனாட்சி வாராவாரம் ஃபிசியோ போகிறாள் என்று முனுசாமிக்குத் தெரியும். கிராப் டாக்சி கூப்பிட்டுப் போகிறாள் என்றும் தெரியும். கிராப் கீழேதான் நிற்கும், எட்டாவது மாடிக்கு வராது என்பது மட்டும் இத்தனை மாதத்தில் அவர் புத்தியில் ஏறவேயில்லை.

"அன்னிக்கு லிஃப்ட்ல என்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி..."

"அக்காதான் வேணாம்னாங்க. உங்க மனசு சங்கடப்படுமாம்."

அவனைப் பற்றி ஊரெல்லாம் படிக்கும்படி எழுதிப்போட்டதை நினைத்து முனுசாமிக்கு உடம்பு கூசியது. படியிலேயே அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றிருந்தது.

"நகரு தம்பி, நான் தூக்குறேன்." அவசரமாகக் குனிந்து நாற்காலியோடு சேர்த்து மனைவியின் வலது காலைப் பிடித்தார்.

"ஐயோ! அதுதாங்க ஆபரேஷன் பண்ணின காலு!"

கையை உதறி எடுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. கட்டிய மனைவிக்கு எந்தக் கால் நோகிறது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே!

"என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் தூக்கியிருக்க மாட்டேனா மீனா?"

மீனாட்சி கோபப்படவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"மொத வாரமே உங்களத்தாங்க கேட்டேன். 'சனிக்கிழமை எனக்குச் சேவை இருக்கு, வேற யாரையாச்சும் பாத்துக்க'ன்னீங்க. பாத்துக்கிட்டேன்."