எடுக்க வராத சரக்கு

“என்ன சார், பொண்ணு பார்க்கப் போற மாதிரி வந்திருக்கீங்க?” என்று கேட்டுச் சிரித்தபடி ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினார் ஓட்டுநர்.

கழுத்தில் ஒரு டை, தலையில் ஒரு டை, கடையில் எடுத்த மடிப்பு கலையாத சட்டை. கிடங்கு மேனேஜருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நம்ம ஊர்லேருந்து பிசினஸ் படிக்கிற பசங்க வர்றாங்கய்யா, கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேணாமா?” என்று மழுப்பினார். மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கத்தான் இத்தனை ஜோடனை என்று கிடங்கே பேசிக்கொண்டது.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். வரப்போகும் மாணவர்களில் ஒருத்தி அவருடைய மகள். கல்லூரி அனுப்பிய பெயர்களில், அவரே தேடித் தேடி வைத்த அந்தப் பெயரையும் அதற்கு முன்னால் தன் இனிஷியலையும் பார்த்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. பெரிய வியாபாரியாகித்தான் திரும்புவேன் என்று வீராப்பாக இந்த வெளிநாட்டுக்குக் கிளம்பி வந்தவர் போட்ட கடை, வந்த வேகத்தில் படுத்துவிட்டது. ஒருநாள் போனில் வாய்ச்சண்டை முற்றி, “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க” என்றாள் மனைவி.

கோபத்தில் வந்த ஒரு சொல்லை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார் மனிதர். ‘அவளே கூப்பிடட்டும்’ என்று ஒரு வீம்பு. அதே வீம்பில் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டார். பிறகு அவள் எப்படிக் கூப்பிடுவாளாம்? வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் இன்னும் கோபமாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இங்கே தனியாக நரைத்தார்.

பஸ் வந்து நின்றது. சட்டையில் குத்தியிருந்த தன் பெயர் அட்டையை அவசரமாகக் கழற்றி மேசைக்குள் போட்டார். தான் யாரென்று மகளுக்குத் தெரிய வேண்டாம். அவள் அம்மாவின் கோபம் ஆறிவிட்டதா என்று மட்டும் எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆறியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறி, போய்க் காலில் விழக்கூட அவர் தயார்.

கூட்டத்தில் அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை.

“இவதான் சார், நெட்டுல உங்க கிடங்கைப் பத்திப் பார்த்துட்டு, இங்க வந்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னவ,” என்றார் கூட வந்த பேராசிரியர். “நாங்க கார் தொழிற்சாலைக்குப் போறதாத்தான் இருந்தது.”

என் ரத்தமாச்சே, கப்பல் சரக்கு என்றால் இழுக்காதா என்று உள்ளுக்குள் பூரித்தார் மேனேஜர். பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல், “பொம்பளப் பிள்ளைய இவ்வளவு தூரம் அனுப்ப வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?” என்று பேராசிரியரிடம் மெல்லக் கேட்டுவைத்தார்.

“அவங்க மாமா வந்து கையெழுத்துப் போட்டார் சார். ஏர்போர்ட்டுக்கும் அவர்தான் வந்தார்.”

வெளிநாடு என்ற பேச்சே அவள் அம்மாவுக்கு இன்னும் ஆகவில்லை போலிருக்கிறது. பெற்ற பெண்ணை வழியனுப்பக்கூட வரவில்லை பார், அழுத்தக்காரி! மனைவியை மனசுக்குள் செல்லமாகத் திட்டிக்கொண்டார். அப்படித் திட்டியே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கன்டெய்னரின் சீல் முத்திரையை இரண்டு தரப்பும் பார்க்க உடைப்பது எதற்கு, வழியில் சரக்கு சேதமானால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று எல்லாவற்றையும் விளக்கினார். குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசி மூலையில் தூசி படிந்த மரப்பெட்டிகள் கிடந்தன.

“இதெல்லாம் என்ன சார்?” மகள்தான் கேட்டாள்.

“பேர் போட்டு வந்த சரக்கும்மா. எடுக்க வேண்டியவங்க வரல.”

“தகவல் அனுப்ப மாட்டீங்களா?”

“அனுப்பாம இருப்போமா? ஆள் விலாசம் மாத்திட்டா, போனது அப்படியே திரும்பி வந்துடுது.”

“அப்ப எவ்வளவு காலம் காத்திருக்கும்?”

“அதுக்கு ஒரு கெடு இருக்கும்மா. அதுக்கு மேல வச்சிருக்க முடியாது.”

“ஆமா சார், முடியாது,” என்றாள். மற்றவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. எல்லோரும் கை கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். மகள் கடைசியாக வந்தாள். கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இவளும் போய்விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு வாய்ப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“ஒரு நிமிஷம்மா,” என்றார். “ஊருக்குப் போனதும் உங்கம்மாகிட்ட சொல்லு... பொண்ண ரொம்ப நல்லா வளர்த்திருக்காங்கன்னு. இங்க ஒரு பெரியவர் சொன்னார்னு சொல்லு. அவங்க என்ன சொன்னாங்கன்னு முடிஞ்சா எனக்கு ஒரு வரி எழுது.”

அவள் பஸ் படியில் வைத்த காலை எடுத்தாள். திரும்பி வந்து அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது.

“அம்மா இறந்து ஆறு மாசம் ஆச்சு, அப்பா.”