சுவர் போட்ட பெயர்

தணிகைவேல் யாரிடமும் தொழில் கற்காமல், சொற்பப் பணத்தில் ஒன்பது சினிமாப் படங்கள் எடுத்தவர். இப்போதோ கேட்டவுடன், செயற்கை அறிவு பொருத்திய வீட்டுச் சுவரே படம் எடுத்துக் காட்டிவிடுகிறது.

"எங்க வீட்டுக்காரர் எடுக்கிற மாதிரி ஒண்ணு எடு," என்றாள் மனைவி செண்பகவல்லி.

சுவர் எடுத்தது. நாயகி செண்பகவல்லியின் கல்யாணப் புடவையில் வந்தாள். அவர் படங்களிலும் எல்லா நாயகிகளும் அதைத்தான் கட்டினார்கள்.

"அப்படியே என்னைக் காப்பியடிக்குது. என் படத்துல தெரியற மாதிரியே மைக் கூட மேலேர்ந்து தொங்குது பாரு!" என்று பொருமினார்.

"சும்மா இருங்க."

கடைசியில் பெயர்கள் ஓடின. 'புடவை, யூனிட் சாப்பாடு: செண்பகவல்லி.' ஒன்பது படங்களிலும் அவர் போடாத பெயர்.

அவள் எழுந்துபோய்ச் சுவரைத் தடவினாள். தன்னை அவள் அப்படித் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"மறுபடி போடு," என்றாள் சுவரிடம். "கடைசி மட்டும் போதும்."