ரோஜா நிறச் சீட்டு

"கடவுளுக்குப் போற தபாலையே திருடறாங்க ஐயா!"

ஜெபக்குழுத் தலைவியம்மா புயலாக உள்ளே நுழைந்ததும் போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தத் தபால்மா?"

"வாசல்ல ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கே, அதுல ஜனங்க கஷ்டத்தை எழுதிப் போடற சீட்டெல்லாம் காணாமப் போகுது. என் சீட்டையே மூணு வெள்ளிக்கிழமையா வாசிக்கலைன்னா பாருங்க!"

அவர் சீட்டு தொலைந்தால் தெரியாமல் போகுமா? ரோஜா நிறத் தாள், ஊதா மை, அந்தப் பெட்டியிலேயே எழுத்துப் பிழை இல்லாத ஒரே சீட்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை வாசித்தால் நாலு பேராவது, "யாருப்பா இவ்வளவு உருக்கமா எழுதினது?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். தலைவியம்மா கண்களை இறுக மூடிக்கொள்வார். அத்தனை தாழ்மை!

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? கோயிலைக் கூட்டிப் பெருக்கறவதான். காலையில வேற யாரு இருக்கா?"

மறுநாள் காலை தலைவியம்மா தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடித்தேவிட்டார். பெருக்குகிறவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியின் வாய்க்குள் கொண்டை ஊசியை விட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். சிலதை மறுபடி உள்ளே போட்டாள். சிலதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடிப்பாவி! நட ஐயாகிட்ட!"

போதகர் முன்னால் அவள் கைகட்டி நின்றாள். "எல்லாத்தையும் எடுக்கலைங்க ஐயா. மகனுக்கு வெளிநாட்டு வேலை, மேலதிகாரி மனசு மாறணும், இதெல்லாம் ஆண்டவர்தான் பார்க்கணும். அதை உள்ளேயே போட்டுட்டேன்."

"மிச்சம்?"

முடிச்சை அவிழ்த்தாள். "இது தள்ளுவண்டிக்காரர் எழுதினது. கால்ல புண்ணு, கட்டுப்போட ஆளில்லையாம். இது பிள்ளை பெத்த பொண்ணு. துணி துவைக்க நாதியில்லை. இதுக்கெல்லாம் அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நான் வீட்டுக்குப் போற வழிதானே..."

போதகர் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். தலைவியம்மா குறுக்கே வந்தார்.

"என் சீட்டு எங்கேடி?"

நாலாக மடித்த ரோஜா நிறத் தாள் வெளியே வந்தது. போதகர் வாசித்தார்: "'ஆண்டவரே, எங்கள் வீட்டு மதிலோரம் தார்ப்பாய்க்கு அடியில் காய்ச்சலோடு கிடக்கும் அந்த ஏழைக் குடும்பத்துக்கு உதவ, இரக்கமுள்ள ஒருவரை அனுப்பும்.'"

"மூணு வாரம் முன்னாடி, படிச்சதும் ஓடினேங்க. பெரிய குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இப்ப எல்லாருக்கும் தேவலை" என்றவள், தலைவியம்மா பக்கம் திரும்பினாள். "ஒரு குடம் தண்ணி கேட்டு உங்க வீட்டு மணியைக்கூட அடிச்சேம்மா. நீங்க ஜெபத்துல இருக்கீங்க, தொந்தரவு பண்ணாதேன்னு சொல்லிட்டாங்க."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது தலைவியம்மா வீட்டார் வாங்கிக் கொடுத்த மின்விசிறி.

"ஐயா, வேலையை விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க. எனக்கு வேற வழியில்லை."

"திருட்டு திருட்டுதான் ஐயா" என்றார் தலைவியம்மா. "இன்னிக்குச் சீட்டு, நாளைக்குக் காணிக்கைப் பெட்டி. அப்புறம் உங்க இஷ்டம்."

போதகர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். தலைவியம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தபோது குரல் தழுதழுத்தது.

"'இரக்கமுள்ள ஒருவரை அனுப்பும்'னு அழுது ஜெபிச்சேன். அனுப்பினார்! சாகக் கிடந்த குடும்பம் பிழைச்சுது! என் ஜெபம் வீண் போகலை!"

"ஆமென்!" என்றது சபை.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் கடைசி வரிசையில் இருந்தாள். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுப் பெருக்குகிறவள்.