பீங்கான் குழந்தையின் எடை

போன மாதம் பெண்ணாடத்துக்காரி ஒருத்தியின் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பயிற்சி டாக்டர் பிரியம்வதா மூச்சு ஊட்டும் மாஸ்க்கை அதன் முகத்தில் அழுத்திப் பிடித்தும் ஓரத்தில் காற்று ஒழுகியது. குழந்தை பிழைக்கவில்லை.

இன்னொரு குழந்தையைச் சாக விடமாட்டேன் என்று, மார்புக்குள் நுரையீரலுக்குப் பதில் பலூன் வைத்த பீங்கான் குழந்தை ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினாள். தினமும் காலையில் அதன் முகத்தில் மாஸ்க் வைத்துப் பழகினாள்.

வார்டுக் குழந்தைகளுக்குப் போலவே முதலில் எடை பார்த்து நோட்டில் எழுதணும் என்பது நர்ஸ் பானுமதியின் கட்டளை. முதல் நாள் 1,900 கிராம். மறுநாள் 1,930. அதற்கு மறுநாள் 1,960. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தார்கள். தராசு சரியாகத்தான் இருந்தது.

பொம்மை செய்த கொளஞ்சிநாதன் வந்து தூக்கிப் பார்த்தார். "பச்சை மண்ணுன்னா காயக் காய எடை குறையும். இது சூளையில வெந்ததுங்க டாக்டரம்மா. ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது."

"பால் குடிக்குதோ என்னமோ," என்றாள் பானுமதி. "நீங்க மாஸ்க்கைப் புடிங்க. இன்னும் ஒழுவுது."

பதினெட்டாம் நாள் 2,410. அன்றைக்குத்தான் காற்று ஒழுகவில்லை. மத்தியானம் நல்லூர்க்காரி ஒருத்திக்குக் குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. பிரியம்வதா மாஸ்க்கை வைத்தாள். ஒரு நிமிஷத்தில் வீறிட்டு அழுதது.

மறுநாள் காலையில் பொம்மையைத் தராசில் கிடத்தினாள். சைபர். எடுத்துத் திரும்ப வைத்தாள். சைபர்தான். உப்புப் பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு கிலோ காட்டியது.

"இப்ப என்ன சிஸ்டர் எழுதுறது?"

"காட்டுறதை எழுதுங்க."

எழுதிவிட்டு மாஸ்க்கை எடுத்துப் பொம்மையின் முகத்தில் வைத்தாள்.