விழாத இரண்டு வருடம்

டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிய ஒரு மதியம், அற்புதமேரி தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்ததும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் தாழ்வதைக் கொண்டு அவள் விழப்போவதை முன்பே அறிந்து, சக்கர நாற்காலியை விட்டு எழவிடாமல் பிடித்துக்கொள்ளும் பட்டை அது. அவளுக்கு ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருந்ததால், பட்டை பிடியை விடவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து நர்ஸ் வந்து அதைக் கழற்றினாள்.

"ஒரு தடவகூட விழலியேம்மா. இனி இது வேற ஒருத்தருக்கு. நீங்க தாராளமா நடங்க."

கணவர் சூசை அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். கால்கள் தரையைத் தொட்டன, ஊன்றவில்லை.

"பயப்படாம எந்திரி, மேரி."

"எந்திரிச்சிட்டுதாங்க இருக்கேன்," என்றாள் அவள்.