கிராணியின் கழுத்துச் சாவி

"சாவியக் காணோம் சார்" என்று முருகையா கிராணி தலைமை ஆபீசுக்குப் போனில் சொன்னதும், உமாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்தத் தேயிலைத் தோட்ட ஆபீசில் குமாஸ்தாவான கிராணியும் அவளும் இரண்டே பேர். ஃபைல்கள் எல்லாம் கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இங்கிருந்தே திருத்தலாம். ஆனால் கட்டைவிரல் அளவுச் சாவி ஒன்றைச் சொருகி, விரலால் தொட்டால்தான் ஃபைல் திறக்கும். ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள்.

கிராணி தன்னுடையதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு.

போன வாரம் உமாதேவி தன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அதற்கு மூன்று நாள் அர்ச்சனை!

இப்போது அவருடையதே காணோமாம்.

"காது வரைக்கும் மப்ளர் சுத்தியிருக்கீங்களே அண்ணே, அதுக்குள்ள மாட்டிக்கிச்சா பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சும்மா."

"பிஸ்கட் டின்னுல?"

கிராணி மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

போன் ஸ்பீக்கரில் தலைமை ஆபீஸ் சுகுமாரன் கத்தினார். "என்னா லா கிராணி! பதினாலாம் நம்பர் வீட்ட இன்னிக்கே காலி வீட்டு லிஸ்ட்ல ஏத்தணும். அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவாங்க. தோட்டத்துச் சாவி இல்லாம நாங்க இங்கருந்து கை வைக்க முடியாது."

"திங்கக்கிழம வரைக்கும் டைம் குடுங்க சார். எப்படியும் கெடச்சிரும்."

"திங்களா? அப்புறம் அடுத்த மாசந்தான் லா!"

பதினாலாம் நம்பரா? உமாதேவியின் சிரிப்பு நின்றது.

அது செல்லம்மா அக்கா வீடு. புருஷன் ஆண்டியப்பன் செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மகள் வசுமதி கொழுந்து பறிக்கப் பேர் கொடுத்திருக்கிறாள். அந்த மனுவை டைப் அடித்ததே உமாதேவிதான். மெடிக்கல் ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்துவிடும். பேர் பதிந்துவிட்டால் வீட்டை யாரும் தொட முடியாது. ஆனால் இன்றைக்கே காலி லிஸ்டில் ஏறிவிட்டால், நாளைக்கே அந்த வீட்டில் வேறு ஆள்.

"உமாதேவி, ஒங்க சாவி இருக்குல்ல? நீங்க தொறங்க. ரெண்டு நிமிசம் வேல."

சாவி அவள் கையில்தான் இருந்தது. கிராணியைப் பார்த்தாள்.

அவர் இன்னும் மேசைக்கு அடியில்தான். குனிந்த குனியில் மப்ளர் நழுவியிருந்தது. பிடரியில் கறுப்புக் கயிறு பளிச்சென்று தெரிந்தது.

கிராணி மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். கண் கெஞ்சியது.

"ஹலோ? உமாதேவி?"

உமாதேவி பிஸ்கட் டின்னைத் திறந்தாள். தன் சாவியை உள்ளே போட்டாள். சத்தம் வராமல் மூடினாள்.

"என்னோடதையும் காணோம் சார். மேசமேல வைக்காதன்னு அண்ணன் அப்பவே திட்டுனாரு, நான்தான் கேக்கல!"